மாணவர் பசி வளர்த்த வட்டாரம்: பாரிசின் லத்தீன் பகுதியில் சாப்பிடப் போகும் முன்

பாரிசில் நோட்ர டாம் தேவாலயத்தைப் பார்த்துவிட்டுப் பாலத்தைக் கடந்து தென்கரைக்கு வரும் சுற்றுப்பயணிகளை முதலில் வரவேற்பது சாப்பாட்டு வாசனைதான். சேன் ஆற்றை ஒட்டியுள்ள ஹூஷெட் தெருவில் இரு பக்கமும் உணவகங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. வாசலில் ஆள் நின்று கூப்பிடுகிறார். மூன்று வகை உணவு சேர்ந்து இத்தனை யூரோ என்று பலகை சொல்கிறது. ஒரே பலகையில் வெங்காய சூப்பு, கிரேக்கக் கபாப், சிப்பி, இத்தாலியப் பாஸ்தா எல்லாம் இருக்கின்றன.

பசியோடு வருகிறவர் முதல் கடையிலேயே உட்கார்ந்துவிடுவார். அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் வேறு விதமான சாப்பாட்டு உலகம் ஒன்று இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

இந்தப் பகுதியின் பெயர் லத்தீன் வட்டாரம். தென் அமெரிக்காவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இடைக்காலத்தில் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து இங்கே படிக்க வந்த மாணவர்களுக்குப் பொது மொழியாக இருந்தது லத்தீன். வகுப்பிலும் தெருவிலும் அதையே பேசியதால் வட்டாரத்துக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சொர்போன் கல்லூரி, கொலேஜ் டி பிரான்ஸ், புகழ்பெற்ற பழைய உயர்நிலைப் பள்ளிகள் எல்லாம் இன்றும் இங்கேதான் இருக்கின்றன.

எட்டு நூற்றாண்டுகளாக மாணவர்கள் வாழ்ந்த இடம் என்பதால், கையில் காசு குறைந்தவர்கள் வயிறார உண்பது எப்படி என்ற கேள்விக்கு இந்த வட்டாரம் காலந்தோறும் ஒரு விடை கண்டது. அந்த விடைகளின் மிச்சங்கள்தான் இன்று நாம் பார்க்கும் உணவகங்கள். அவற்றைத் தெரிந்துகொண்டு போனால் எங்கே உட்காருவது, எதைத் தவிர்ப்பது என்பதும் தெரிந்துவிடும்.

கணக்குத் தகராறில் மூண்ட கலவரம்

பாரிஸ் பல்கலைக்கழக வரலாற்றின் பெரிய போராட்டங்களில் ஒன்று ஒரு மதுக்கடையில் தொடங்கியது. ஆண்டு 1229. கிறிஸ்துவர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய கொண்டாட்ட நாட்கள். நகரின் தென்கிழக்கே செயின்ட் மார்செல் பகுதியில் குடித்துக்கொண்டிருந்த மாணவர்களுக்கும் கடைக்காரருக்கும் திராட்சை மதுவின் விலை பற்றித் தகராறு வந்தது. வாய்ச்சண்டை கைகலப்பானது. அக்கம்பக்கத்தார் கடைக்காரர் பக்கம் சேர்ந்து மாணவர்களை அடித்து விரட்டினார்கள்.

மறுநாள் மாணவர்கள் கூட்டமாகத் தடிகளோடு திரும்பி வந்து கடையை நொறுக்கினார்கள். தெருவில் போனவர்களுக்கும் அடி விழுந்தது. அப்போது மன்னர் ஒன்பதாம் லூயி சிறு வயதினர் என்பதால் அவருடைய தாயார் பிளான்ஷ் அரசியார் ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். அவர் அனுமதியோடு கிளம்பிய நகரக் காவலர்கள் மாணவர்களைத் தாக்கியதில் சிலர் உயிரிழந்தனர்.

பல்கலைக்கழகம் வகுப்புகளை நிறுத்தியது. ஆசிரியர்களும் மாணவர்களும் ஊரை விட்டே கிளம்பினார்கள். சிலர் துலூஸ், ஓர்லியான் போன்ற ஊர்களுக்கும், சிலர் இங்கிலாந்து மன்னரின் அழைப்பை ஏற்று ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் நகரங்களுக்கும் போனார்கள். மாணவர் செலவை நம்பிப் பிழைத்த கடைகளும் விடுதிகளும் காற்று வாங்கின.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1231இல், தாமும் பாரிசில் படித்தவரான போப்பாண்டவர் ஒன்பதாம் கிரெகோரி ஓர் ஆணை வெளியிட்டார். பல்கலைக்கழகம் தன் விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளலாம், அநீதி நேர்ந்தால் பாடங்களை நிறுத்தலாம் என்று அது உறுதி தந்தது. அந்த அநீதிகளின் பட்டியலில் மாணவர் தங்கும் அறைகளின் வாடகையை மதிப்பிடும் உரிமை பறிக்கப்படுவதும் இருந்தது.

உலகப் பல்கலைக்கழகங்களின் தன்னாட்சிக்கு அடித்தளமான ஆவணங்களில் ஒன்றாக இந்த ஆணை கருதப்படுகிறது. கல்வி உரிமையோடு வீட்டு வாடகையும் அதில் இடம்பெற்றதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுப்பில்லாத அறைகள்

1257ஆம் ஆண்டில் ரொபேர் டி சொர்போன் என்ற பாதிரியார் ஏழை இறையியல் மாணவர்களுக்காக ஒரு கல்லூரி தொடங்கினார். அந்தக் காலத்தில் கல்லூரி என்றால் முதலில் தங்கும் இடமும் பொதுப் பந்தியும்தான். படிக்க வந்த பிள்ளைக்குக் கூரையும் ஒரு வேளைச் சோறும் உறுதி என்பதே அதன் பொருள். இப்படிப் பல கல்லூரிகள் இந்த வட்டாரத்தில் எழுந்தன.

பிரெஞ்சுப் புரட்சியின்போது பழைய கல்லூரிகள் கலைக்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளியூரிலிருந்து வந்த மாணவர்கள் மாடி உச்சியில் சிறு அறைகளை வாடகைக்கு எடுத்தார்கள். அங்கே சமைக்க வசதி கிடையாது. எனவே மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டாக வேண்டிய கூட்டம் ஒன்று உருவானது. அந்தக் கூட்டத்தை நம்பி மலிவுச் சாப்பாட்டுக் கடைகள் வந்தன.

சொர்போன் சதுக்கத்தில் இருந்த ஃபிளிகோத்தோ என்ற கடை அவற்றில் பெயர் பெற்றது. நாவலாசிரியர் பல்சாக் ‘இழந்த மாயைகள்’ என்ற நாவலில் அதை விரிவாகக் காட்டியிருக்கிறார். அந்தக் கடையின் பெருமை ஒன்றே ஒன்றுதான்: ரொட்டி கேட்ட அளவு கிடைக்கும். இன்றும் பிரெஞ்சு உணவகங்களில் ரொட்டிக் கூடை கணக்கில் சேராமல் மேசைக்கு வருகிறது. சோறு கேட்டால் தயங்காமல் மீண்டும் போடும் வாழையிலைக் கடைகளை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

லக்சம்பர்க் பூங்காவுக்கு அருகே உள்ள பொலிடோர் உணவகம் அந்தக் காலத்தின் இன்னொரு மிச்சம். 1845இல் பால், வெண்ணெய், முட்டை விற்கும் கடையாகத் தொடங்கி, பிறகு முழு உணவகமானது. நீண்ட மேசைகளில் முன்பின் அறியாதவர்கள் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தினமும் வரும் வாடிக்கையாளர்கள் தங்கள் துணிக் கைக்குட்டையைப் போட்டு வைக்கச் சுவரில் சிறு மர இழுப்பறைகள் இருந்தன. 2011இல் வெளிவந்த ‘மிட்நைட் இன் பாரிஸ்’ திரைப்படத்தில் இந்தக் கடை இடம்பெற்றதிலிருந்து சுற்றுப்பயணிகள் கூட்டமும் சேர்ந்துகொண்டது.

இதே பகுதியின் ஓரத்தில் 1686 முதல் பெயர் விளங்கும் புரோக்கோப் இருக்கிறது. இத்தாலியரான பிரான்செஸ்கோ புரோக்கோப்பியோ தொடங்கிய இந்தக் கோப்பிக் கடையில் வோல்டேர் போன்ற சிந்தனையாளர்கள் கூடினார்கள். இன்று அது மாணவர் பணப்பைக்கு எட்டாத உணவகம். பார்க்கப் போகலாம், மலிவாகப் பசியாற முடியாது.

கசாப்புக் கடைக்காரரின் யோசனை

‘ரெஸ்டாரண்ட்’ என்ற சொல்லே பாரிசில் பிறந்ததுதான். உடம்புக்குத் தெம்பு தரும் இறைச்சிச் சாறுக்கு முதலில் அந்தப் பெயர் வழங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தச் சாற்றை விற்ற கடைகளுக்கும் பெயர் மாறிச் சென்றது.

1850களின் நடுவில் டுவால் என்ற கசாப்புக் கடைக்காரர் பழைய சரக்கைப் புது வழியில் விற்றார். பணக்காரர்கள் நல்ல துண்டுகளை வாங்கிப் போன பிறகு மிஞ்சும் இறைச்சியை என்ன செய்வது? அதை நீண்ட நேரம் வேகவைத்துச் சாறும் இறைச்சியுமாகக் குறைந்த விலைக்கு விற்கலாம் என்று கண்டார். சாறுக்குப் பிரெஞ்சில் ‘புய்யோன்’ என்று பெயர். கடைக்கும் அதுவே பெயரானது. ஒவ்வொரு பொருளுக்கும் எழுதி வைத்த விலை, சுத்தமான கூடம், விரைவான பரிமாறல் ஆகியவை தொழிலாளர்களையும் மாணவர்களையும் இழுத்தன. நூற்றாண்டின் இறுதிக்குள் பாரிஸ் முழுவதும் புய்யோன் கடைகள் பெருகின.

லத்தீன் வட்டாரத்தில் ரசீன் தெருவில் 1906இல் கட்டப்பட்ட புய்யோன் இன்றும் இயங்குகிறது. பச்சை வண்ண மரவேலைப்பாடும் பூக்கொடி வடிவக் கண்ணாடிகளும் நிறைந்த அந்தக் கூடம் இப்போது பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னம். ஏழைக்கு மலிவாகச் சோறு போடக் கட்டிய இடத்தை இத்தனை அழகாகக் கட்டியிருக்கிறார்கள் என்பது வியப்பைத் தரும். விலை மட்டும் இன்று அந்தக் காலத்து விலையாக இல்லை.

மாணவர்கள் விலகிய தெருக்கள்

1968ஆம் ஆண்டு மே மாத மாணவர் கிளர்ச்சிக்குப் பிறகு பழைய பாரிஸ் பல்கலைக்கழகம் பல பல்கலைக்கழகங்களாகப் பிரிக்கப்பட்டது. அவற்றில் சில புறநகர்களில் அமைந்தன. இன்னொரு பக்கம், ஆற்றங்கரைக் குடியிருப்புகளின் விலை ஏறிக்கொண்டே போனது. வாடகைக்கு உச்சவரம்பு விதிக்கும் விதிமுறை 2019 முதல் பாரிசில் நடப்பில் உள்ளது. ஆனாலும் இந்த வட்டாரத்தில் ஒரு சிறு அறைகூடப் பல மாணவர்களுக்கு எட்டாக்கனி. படிக்க மட்டும் இங்கே வந்துவிட்டு, தூங்க ரயிலேறிப் புறநகர் போகிறவர்கள் ஏராளம்.

குடியிருப்பவர் மாறினால் கடையும் மாறும். செயின்ட் மிஷேல் சதுக்கத்தில் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் பழைய பாடநூல் வாங்கிய ஜிபேர் ஜூன் புத்தகக் கடைகள் 2021இல் மூடப்பட்டன. மாணவர்கள் அன்றாடம் வந்த கடைகளின் இடத்தை, ஒருமுறை மட்டும் வந்து போகும் பயணிகளை நம்பும் கடைகள் பிடிக்கின்றன.

ஹூஷெட் தெருவின் கணக்கு இதுதான். அன்றாடம் வரும் வாடிக்கையாளரை ஏமாற்றினால் கடை நிலைக்காது. நாளை விமானம் ஏறப் போகிறவர் திரும்பி வரமாட்டார் என்பது கடைக்குத் தெரியும். அங்குள்ள எல்லாக் கடைகளும் மோசம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வாசலில் ஆளைப் பிடித்து இழுக்கும் கடை, ஏழு மொழிகளில் படத்தோடு பலகை வைத்த கடை, நான்கு நாட்டு உணவையும் ஒரே சமையலறையில் செய்வதாகச் சொல்லும் கடை ஆகியவற்றில் யோசித்து நுழைய வேண்டும்.

மாணவர் பந்தி இன்னும் இருக்கிறது

தெருக்கடைகள் கைவிட்டாலும் மாணவர் சாப்பாடு வேறு வடிவில் தொடர்கிறது. ‘குரூஸ்’ என்று அழைக்கப்படும் அரசு மாணவர் நல அமைப்பு 1955 முதல் பிரான்ஸ் முழுவதும் மாணவர் உணவகங்களை நடத்துகிறது. மூஃப்தார் தெருவுக்கு அருகிலும் போர்ட் ரோயல் பக்கத்திலும் அத்தகைய கூடங்கள் உண்டு. தட்டெடுத்து வரிசையில் நின்றால் சூடான முதன்மை உணவும் பக்க உணவுகளும் கிடைக்கும். செலவின் ஒரு பகுதியை அரசு ஏற்கிறது. 2019இல் 3.30 யூரோ ஆன வேளைச் சாப்பாட்டு விலை அதன் பிறகு பல ஆண்டுகள் உயர்த்தப்படாமல் இருந்தது.

கோவிட் காலத்தில் இந்தக் கூடங்களின் மதிப்பு நாடு முழுவதற்கும் தெரிந்தது. பகுதி நேர வேலை போய், நன்கொடை உணவுப் பைகளுக்காக மாணவர்கள் நீண்ட வரிசையில் நின்ற காட்சிகள் பிரான்சையே உலுக்கின. 2020இல் உதவித்தொகை பெறும் மாணவர்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு 1 யூரோ ஆக்கப்பட்டது. 2021 ஜனவரியில், நெருக்கடி தீரும்வரை, எல்லா மாணவர்களுக்கும் நாளுக்கு இரண்டு வேளை அதே விலையில் தர அரசு முன்வந்தது. உலகின் பணக்கார நகரங்களில் ஒன்றில், பட்டப்படிப்புப் படிக்கும் பிள்ளைகள் சோற்றுக்கு வரிசையில் நின்றார்கள் என்பதை எளிதில் மறக்க முடியாது.

பிள்ளைகளைப் பிரான்சுக்குப் படிக்க அனுப்ப நினைக்கும் பெற்றோர் கல்விக் கட்டணத்தோடு இதையும் விசாரித்து வைப்பது நல்லது. மாணவர் அட்டை கையில் இருந்தால் சாப்பாட்டுச் செலவைப் பாதிக்கு மேல் குறைத்துவிடலாம். வாடகைதான் பெரிய சுமை.

சமையலறைக்குள் தமிழ்க் குரல்

பாரிஸ் உணவகங்களுக்கும் தமிழர்களுக்கும் நெருங்கிய தொடர்பு ஒன்று உண்டு. 1980கள் முதல் போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர்கள் பலருக்கு இந்த நகரில் கிடைத்த முதல் வேலை உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவுவதுதான். பிரெஞ்சு மொழி தெரியாமலும் அந்த வேலையைச் செய்யலாம் என்பதே காரணம். அங்கிருந்து காய் நறுக்குவது, உதவிச் சமையல் என்று படிப்படியாக உயர்ந்து, பிரெஞ்சு உணவு சமைக்கும் தேர்ந்த சமையல்காரர்களானவர்கள் பலர். சொந்தமாகக் கடை போட்டவர்களும் உண்டு. தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தலைமுறையை அறிந்த மலேசியத் தமிழர்களுக்கு இந்தக் கதை அந்நியமானதல்ல.

சோறும் குழம்பும் தேடுகிறவர்கள் செயின்ட் மிஷேல் நிலையத்தில் வடக்கே போகும் ‘பி’ ரயிலில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் கார் டு நோர். அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் லா ஷப்பேல். தமிழ்ப் பெயர்ப் பலகைகளும், தோசை, கொத்து ரொட்டிக் கடைகளும், புடவைக் கடைகளும் நிறைந்த பகுதி அது.

பசியாறப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

நேரம் முக்கியம். மதியச் சாப்பாடு 12 மணியிலிருந்து 2 மணி வரை. இரவுச் சாப்பாடு 7 மணிக்குப் பிறகு. இடைப்பட்ட நேரத்தில் பல சமையலறைகள் மூடியிருக்கும். பெரும்பாலும் இரவைவிட மதியம் விலை குறைவு.

சொற்களில் கவனம் வேண்டும். பிரான்சில் ‘மெனு’ என்றால் நிர்ணயித்த விலையில் வரும் முழுச் சாப்பாடு. உணவுப் பட்டியல் வேண்டுமென்றால் ‘கார்த்’ என்று கேட்க வேண்டும். ‘ஆந்த்ரே’ என்பது தொடக்க உணவு. ‘ப்ளா’ என்பது முதன்மை உணவு. ‘ப்ளா து ஜூர்’ என்றால் அன்றைய நாளின் சிறப்பு உணவு. அது பெரும்பாலும் புதிதாகச் சமைத்ததாகவும் விலை நியாயமானதாகவும் இருக்கும்.

விலைப்பட்டியலைக் கடைக்கு வெளியே வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்த விலையில் வரியும் சேவைக் கட்டணமும் அடங்கிவிடும். மலேசியாவில் சில உணவகங்களில் ரசீதின் அடியில் தனித்தனியாகக் கூடுவதுபோல் அங்கே கூடாது. அன்பளிப்புத் தருவது அவரவர் விருப்பம்.

தண்ணீர் என்று மட்டும் கேட்டால் போத்தல் வரலாம்; அதற்குக் காசு. ‘யூன் கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் குவளையில் இலவசமாக வரும். கோப்பியை மேசையில் உட்கார்ந்து குடிப்பதைவிட முகப்பில் நின்று குடித்தால் பல கடைகளில் விலை குறைவு.

மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் ‘பெஃப்’ என்ற சொல்லோடு ‘வோ’ என்ற சொல்லையும் தெரிந்துகொள்ள வேண்டும். ‘வோ’ என்பது கன்றிறைச்சி. வெங்காய சூப்பைப் பலர் சைவம் என்று நினைக்கிறார்கள். அதன் சாறு பெரும்பாலும் மாட்டிறைச்சியில் எடுத்தது. ‘லார்தோன்’ என்ற சிறு பன்றித் துண்டுகள் சாலட்டிலும் முட்டைப் பணியாரத்திலும் ஒளிந்திருக்கும். ‘பூலே’ கோழி, ‘அன்யோ’ ஆடு, ‘புவாசோன்’ மீன்.

எளிதான வழி வேண்டுமென்றால் மூஃப்தார் தெருப் பக்கம் போகலாம். பிரிட்டனி பகுதியிலிருந்து வந்த ‘கலெத்’ அங்கே கிடைக்கும். பக்வீட் மாவில் நம் தோசைபோல் மெல்லியதாக வார்த்து, உள்ளே முட்டையும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்துத் தருவார்கள். ‘சான் ஷாம்போன்’ என்று சொன்னால் பன்றி இறைச்சி சேர்க்காமல் தருவார்கள். அங்கிருந்து சற்றுத் தொலைவில் 1926இல் திறக்கப்பட்ட பாரிஸ் பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. அதனுடன் சேர்ந்த உணவகத்தில் கோழி, ஆடு, காய்கறிகளோடு வட ஆப்பிரிக்கக் கூஸ்கூஸ் சாப்பிடலாம். முற்றத்தில் புதினாத் தேநீர் குடிக்கலாம். ஹலால் உணவு தேடும் நண்பர்களோடு போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

வாசல் கண்ணாடியில் கூரை போட்ட வாணலிச் சின்னம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பச்சைப் பொருளிலிருந்து அந்தக் கடையிலேயே சமைத்த உணவு என்பதற்காக 2014இல் அரசு கொண்டுவந்த அடையாளம் அது.

காசுக்கேற்ற தோசை என்பது எந்த ஊருக்கும் பொருந்தும். ஆனால் லத்தீன் வட்டாரத்தில் குறைந்த காசுக்கும் கௌரவமான தோசை கிடைக்க வேண்டும் என்று மாணவர்கள் எட்டு நூற்றாண்டாகப் போராடியிருக்கிறார்கள். மதியம் ஒரு மணிக்கு அங்கே இருந்தால், புத்தகப் பையோடு நடக்கும் இளைஞர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பார்த்து அவர்கள் பின்னால் போங்கள். அவர்கள் நாளைக்கும் அதே கடைக்கு வரப்போகிறவர்கள்.